பிரிக் லேன்: அறுபது கடை, ஒரே கிரேவி

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்றொரு தெரு. ஒரு முனையில் நடக்கத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் மறுமுனைக்குப் போய்விடலாம். 2000களின் நடுவில் இங்கே வங்கதேசத்தவர் நடத்திய கறி ஹவுஸ்கள் சுமார் 60 இருந்தன. 2020 தொடக்கத்தில் மிஞ்சியவை 23. ரன்னிமீட் டிரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு அந்த ஆண்டு வெளியிட்ட கணக்கு இது. பதினைந்து ஆண்டில் 62 சதவீதம் போய்விட்டது. கொரோனா ஊரடங்குக்கு முன்பே எண்ணிய எண்ணிக்கை என்பதால், பழியைத் தூக்கி அதன் தலையில் போடவும் வழியில்லை.

பிரிட்டனில் கறி ஹவுஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் பக்கத்தில், பெரிய செலவு வைக்காத, மாலையில் திறந்து நள்ளிரவு வரை ஓடும் இந்தியச் சாப்பாட்டுக் கடை. பெயர்ப் பலகை தாஜ் மகால் என்றோ கோஹினூர் என்றோ சொல்லும். முதலாளியும் சமையல்காரரும் பரிமாறுபவரும் பெரும்பாலும் வங்கதேசத்தவர், அதிலும் வடகிழக்கு மூலையில் உள்ள சில்ஹெட் பகுதிக்காரர்கள். நாடு முழுக்க ஊருக்கு ஊர் இப்படிக் கடைகள் உண்டு. அத்தனைக்கும் தலைநகர் மாதிரி இருந்தது பிரிக் லேன்.

கடை ஏன் மூடியது என்று கேட்டால் உடனே இரண்டு பதில் வரும்: வாடகை ஏறிவிட்டது, ஜனங்களின் ருசி மாறிவிட்டது. முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மைகூட இல்லை. பிரிக் லேனிலிருந்து பத்து நிமிட நடையில் ஷோர்டிச்சில் டிஷூம் இருக்கிறது. பழைய பம்பாயின் ஈரானிக் கடைகளை மாதிரியாக வைத்து 2010-இல் லண்டனில் தொடங்கிய உணவகத்தின் கிளை அது. வாசலில் வரிசை நிற்கும். தெற்கே ஒயிட்சாப்பலில் 1972 முதல் நடக்கும் பஞ்சாபிக் கடையான தய்யப்ஸிலும் வரிசைதான். சரி, வங்கதேச மக்கள் அந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பிரிக் லேன் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் நகரசபைப் பகுதியில் அவர்கள் 2011 கணக்கெடுப்பில் 32 சதவீதம், 2021-இல் 34.6 சதவீதம். சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், சமூகமும் அங்கேயே இருக்கிறது, கடைகள் மட்டும் இல்லை.

என் கணிப்பு இது: அக்கம்பக்கத்து வெளிநாட்டு உணவகம் ஒன்று வாழ்வதையும் சாவதையும் தீர்மானிப்பது முதலில் அடுப்படியில் நிற்க வரும் ஆள்தான். சாப்பிட வருபவர் அதற்குப் பிறகுதான். மெனுவில் என்ன இருக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும், எவ்வளவுக்கு விற்கும் என்பதெல்லாம் அந்த ஆள் எங்கிருந்து, எந்தச் சட்டத்தின் வழியாக, என்ன கூலிக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. பிரிக் லேன் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கப்பலடியிலிருந்து அடுப்படிக்கு

பிரிட்டனில் இந்தியச் சாப்பாட்டு வியாபாரம் பழையது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது லண்டனில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸைத் திறந்தது 1810-இல். இரண்டே ஆண்டில் அவர் கடனில் மூழ்கினார். ரீஜென்ட் தெருவின் வீராசாமி 1926-இல் வந்தது. இரண்டும் காசுள்ளவர்களுக்கான இடங்கள். காலனி நாட்களில் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பிய துரைமார்களின் நாக்கை நம்பித் திறந்தவை. தெருமுனைக் கடை வேறு வழியாக வந்தது.

பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கரி அள்ளிப் போட ஆள் வேண்டியிருந்தது. கல்கத்தாவில் அந்த வேலைக்கு ஏறியவர்களில் சில்ஹெட்காரர்கள் அதிகம். சேராங் எனப்படும் கப்பல் கங்காணி தன் ஊர்ப் பையன்களையே எடுப்பார், அவர்கள் மூலம் அடுத்த ஊர்ப் பையன்கள் வருவார்கள். லண்டனில் கப்பல் நின்றபோது நழுவி இறங்கியவர்கள் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தார்கள், உருளைக்கிழங்கு உரித்தார்கள். பிரிக் லேனுக்குப் பக்கத்தில், கமர்ஷியல் தெருவில், ஆயூப் அலி மாஸ்டர் என்பவர் ஷா ஜலால் என்ற கடையை நடத்தினார். அங்கே சாப்பாடு மட்டுமில்லை. ஊருக்குக் கடிதம் எழுதித் தருவது, அரசுப் படிவம் நிரப்புவது, புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம் காட்டுவது எல்லாம் நடந்தது. பின்னால் வந்த கறி ஹவுஸ்களின் ஆள் சேர்க்கும் முறைக்கு இதுதான் முன்மாதிரி.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, குண்டு விழுந்து நொடித்துக் கிடந்த சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளையும் மீன்-வறுவல் கடைகளையும் இவர்களில் சிலர் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். மீனும் சிப்ஸும் அப்படியே தொடர்ந்தன. ஓரமாகச் சோறும் கறியும் சேர்ந்தன. இரவு வெகுநேரம் திறந்து வைத்தார்கள். அப்போதைய சட்டப்படி பப்கள் இரவு 11 மணிக்கு மூட வேண்டும். வயிறு பசிக்க, தலை லேசாகச் சுற்ற, தெருவில் நிற்பவர்களுக்கு விளக்கு எரிந்த ஒரே இடம் இந்தக் கடை. பிரிட்டிஷ் இரவுச் சாப்பாட்டுப் பழக்கம் ஒன்று பிறந்ததே இந்த 11 மணிச் சட்டத்தால்தான் என்று சொன்னால் மிகையில்லை. 2005 நவம்பரில் புதிய உரிமச் சட்டம் வந்து பப்கள் நேரத்தை நீட்டிக்கொள்ள முடிந்தபோது, கறி ஹவுஸ் கேட்காமலே பெற்றிருந்த அந்தச் சலுகை போனது.

1962-இலும் 1971-இலும் வந்த குடியேற்றச் சட்டங்கள் புதிதாக வேலை தேடி வருபவர்களைக் கட்டுப்படுத்தின. ஏற்கெனவே இருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழி இருந்தது. 1970களிலும் 80களிலும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கிழக்கு லண்டனின் தையல் பட்டறைகள் நசிந்ததும் இதே காலத்தில்தான். ஊசியை விட்டவர்கள் கரண்டியைப் பிடித்தார்கள். வேறு கதவு திறக்கவில்லை. ஆங்கிலம் அரைகுறை, படிப்புச் சான்று இல்லை, தெருவில் இனவெறித் தாக்குதல் வேறு. 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி பிரிக் லேனுக்கு அருகே கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்டித்து ஊர்வலம் போனார்கள். அவர் பெயரில் இப்போது அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. கறி ஹவுஸில் வேலை செய்வது அந்த ஆட்களுக்குத் தொழில் என்பதோடு ஒரு பாதுகாப்பும்கூட.

சட்டிக்குள் என்ன நடந்தது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கறி ஹவுஸின் பொருளாதாரம் முழுக்க ஒரு பெரிய பானைக்குள் இருக்கிறது.

கடை மாலை ஐந்துக்குத் திறந்தாலும் அடுப்படி மதியத்துக்கு முன்பே தொடங்கிவிடும். மூட்டை வெங்காயம் உரித்து நறுக்கிப் பானையில் போடுவார்கள். கூடவே கேரட், குடைமிளகாய், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லித் தண்டு, மஞ்சள்தூள், தாராளமாக எண்ணெய். வெங்காயம் வெங்காயமாகத் தெரியாத அளவுக்கு வேக வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். பிறகு கையில் பிடிக்கும் பெரிய பிளெண்டரைப் பானைக்குள்ளேயே விட்டு அரைத்தால், சூப் மாதிரி தளர்வான, மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒரு குழம்பு வரும். இதற்குப் பெயர் கிரேவி. தனியாக நக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, இனிப்பான வெங்காயத் தண்ணீர். இன்னொரு பக்கம் கோழித் துண்டுகளை மசாலாவில் லேசாக வேகவைத்து எடுத்து வைப்பார்கள். ஆட்டிறைச்சி தனி, உருளைக்கிழங்கு தனி, பருப்பு தனி.

இரவு எட்டு மணிக்கு ஆர்டர் சீட்டு உள்ளே வருகிறது. கனமில்லாத அலுமினிய வாணலி, முழுத் தீ. எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, அது பொரியும்போதே கரைத்த தக்காளி விழுது, ஒரு கரண்டி மிக்ஸ் பவுடர் என்ற கலப்பு மசாலாத்தூள், உப்பு, விரல் நுனியில் கசக்கிய கஸூரி மேத்தி என்ற காய்ந்த வெந்தயக் கீரை. மசாலா அடிப்பிடிக்கப் போகும் அந்த நொடியில் ஒரு கரண்டி கிரேவி. அது கொதித்து ஓரத்தில் லேசாகக் கருகி ஒட்டும். அதைச் சுரண்டி உள்ளே தள்ளி இரண்டாவது கரண்டி, கோழி, மூன்றாவது கரண்டி. அந்தக் கருகலில்தான் ருசியே இருக்கிறது. பயந்து தீயைக் குறைப்பவனுக்கு அது கைவராது. ஐந்தாறு நிமிடத்தில் வாணலி காலி, அடுத்த சீட்டு.

தேங்காய்ப் பொடியும் சர்க்கரையும் கிரீமும் போனால் கோர்மா. மிளகாய்த்தூள் கூடி எலுமிச்சை சேர்ந்தால் மெட்ராஸ். இன்னும் மிளகாய், கூட உருளைக்கிழங்கு என்றால் விண்டாலூ. வெந்த பருப்பு சேர்த்தால் தன்சாக். வதக்கிய வெங்காயத் துண்டு போட்டால் தோப்பியாஜா. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று வார்க்கிறோமே, அந்தக் கணக்குதான். நூறு வரி மெனு, ஒரே பானை.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அசல் இந்தியச் சமையல் தெரிந்தவர்கள் கறி ஹவுஸ் சாப்பாட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும் புதிதல்ல. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறைந்த ஆளை வைத்துக்கொண்டு, நாற்பது பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பண்டம் கேட்டாலும் சூடாகப் பத்து நிமிடத்தில் கொடுப்பதற்கென்று, படிக்காத மனிதர்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது. எந்த ஹோட்டல் மேலாண்மைப் பள்ளியும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆனால் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. மாமா கடையில் போர்ட்டராக, அதாவது அடுப்படி எடுபிடியாக, சேரும் பையன் முதலில் வெங்காயம் உரிப்பான், அப்புறம் சோறு, அப்புறம் தந்தூர், பிறகு இரண்டாவது செஃப். சில ஆண்டுகளில் மொத்த மெனுவும் அவன் கைக்குள் வந்துவிடும். நான்கைந்து சொந்தக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டால் அவனும் ஒரு பங்குதாரனாகப் புதுக் கடை திறக்கலாம். பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் ஒரு கடை இரண்டாகும். ஒவ்வொரு பிரிவினையிலும் பிறக்கும் கடை அதே கிரேவியையும் அதே மெனுவையும் எடுத்துக்கொண்டுதான் போகும். அறுபது கடையும் ஒன்றுபோல இருந்ததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. கடை பெருகிய விதமே அப்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை ஆட்கள் தங்களுக்குச் சமைத்துக்கொண்டது வேறு பாத்திரத்தில். முள்ளுள்ள ஆற்று மீன், சுட்கி எனப்படும் கருவாடு, சாத்கொரா என்ற தடித்த தோல் எலுமிச்சை வகையைப் போட்ட மாட்டிறைச்சி. வாடிக்கையாளர் கண்ணில் அது படாது. படக் கூடாது என்றுதான் நினைத்தார்கள்.

தெரு ஒரு பண்டமான கதை

1980களின் கடைசியில் பிரிக் லேனின் பெரிய ட்ரூமன் மதுபான ஆலை மூடப்பட்டது. 1989-இல் தெருவில் சாப்பாட்டுக் கடைகள் பத்துக்கும் குறைவு. 2002-இல் 40-க்கும் மேல். நடுவில் நடந்தது நகரசபையின் திட்டம். பக்கத்திலேயே லண்டனின் நிதி மையம். அங்கே கோட்டும் சூட்டுமாக ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள், அவர்களைச் சாயங்காலம் இந்தப் பக்கம் இழுத்தால் ஏழைப் பகுதி பிழைக்கும் என்று கணக்கு. பங்களாடவுன் என்று பெயர் சூட்டி 1997-இல் அலங்கார வளைவு வைத்தார்கள், தெருப் பெயர்களை வங்க எழுத்திலும் எழுதினார்கள், உணவகம் திறக்க அனுமதியைத் தளர்த்தினார்கள்.

கடைகள் மளமளவென்று வந்தன. 2001 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் ஒரு பேச்சில் சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்றார். அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா? ஆனால் ஒரே பண்டத்தை அடுத்தடுத்து நாற்பது கதவில் விற்றால் என்ன ஆகும் என்பதற்குத் திட்டம் போட்டவர்களிடம் பதில் இல்லை. வாசலில் ஆள் நிறுத்திக் கூவி அழைத்தார்கள். இருபத்தைந்து சதவீதம் தள்ளுபடி என்பான் ஒருவன், முதல் பீர் இலவசம் என்பான் அடுத்தவன். ஒவ்வொரு ஜன்னலிலும் ஏதாவது ஒரு ஆண்டின் சிறந்த செஃப் விருது. கூவி அழைப்பதைத் தடுக்க நகரசபை விதி போட்டு அபராதமும் விதித்தது. அந்தத் தெருவுக்குப் போன நிறையப் பேருக்குச் சாப்பாட்டைவிட அந்த நச்சரிப்புதான் ஞாபகத்தில் நின்றது.

தள்ளுபடி கொடுத்த காசு எங்கிருந்து வரும்? கூலியிலிருந்து. கடைக்கு மேலே உள்ள அறையில் நாலைந்து பேராகத் தங்கி, மதியம் முதல் நள்ளிரவு தாண்டியும் வேலை செய்து, குறைந்த சம்பளமும் பங்கு பிரித்த டிப்ஸும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்வரை அந்த விலை தாங்கும்.

இரண்டு பக்கமும் கதவடைப்பு

அந்த ஆள் வருவது நின்றது. முதல் காரணம் சொந்தப் பிள்ளைகள்.

1997-இல் இங்கிலாந்தின் 149 கல்வி நிர்வாகப் பகுதிகளைத் தரம் பிரித்தபோது டவர் ஹாம்லெட்ஸ் 149-ஆவது இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பள்ளிகளுக்குப் பணமும் நல்ல ஆசிரியர்களும் வந்தார்கள். பதினைந்து ஆண்டுக்குள் அதே பகுதியின் பிள்ளைகள் தேசியச் சராசரியைத் தாண்டித் தேர்ச்சி பெற்றார்கள். கானரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்களும் இதே டவர் ஹாம்லெட்ஸுக்குள்தான் இருக்கின்றன. அப்பா ராத்திரி ஒரு மணிக்கு வெங்காய வாடையோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அங்கே கணக்காளராகப் போகாமல் கிரேவிப் பானைக்கா வரும்? அப்பாக்களும் அதை விரும்பவில்லை. பிள்ளை இந்த வேலைக்கு வரக் கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் அத்தனை வெங்காயம் உரித்தார்கள். கடைகள் மூடியதைப் பற்றி வரும் ஒப்பாரிகளில் இந்தப் பகுதி அநேகமாக வருவதில்லை. மூடிய கடைகளில் ஒரு பங்கு, திட்டமிட்டு அடைந்த வெற்றி.

இரண்டாவது காரணம் அரசு. பிள்ளை வராவிட்டால் ஊரிலிருந்து ஆள் எடுக்கலாம் என்பது பழைய வழக்கம். 2008 முதல் வந்த, புள்ளி கணக்கிட்டு விசா தரும் முறை அதை இறுக்கியது. 2016-இல் வெளிநாட்டிலிருந்து செஃப் கூட்டி வர ஆண்டுச் சம்பளம் 29,570 பவுண்டு தர வேண்டும், அதுவும் தங்குமிடம், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகு என்று விதி வந்தது. பல கடைகளில் முதலாளிக்கே அவ்வளவு மிஞ்சாது. இன்னொரு விதி அதைவிட விசித்திரம்: ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகள் என்று அரசு போட்ட பட்டியலின் கீழ் செஃப் எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கடை பார்சல் விற்கக் கூடாது. தெருமுனைக் கறி ஹவுஸ் வாரநாட்களில் வாடகை கட்டுவதே பார்சல் காசில்தான். உயர்தர உணவகத்துக்கு மட்டும் செஃப் வேண்டும், சாமானியக் கடைக்கு வேண்டாம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்ன விதி இது. 2019 அக்டோபரில் இதை நீக்கினார்கள். அதற்குள் பாதிக் கடைகள் போய்விட்டன.

2011-இல் எரிக் பிக்கிள்ஸ் என்ற அமைச்சர், உள்ளூர் இளைஞர்களுக்கே கறி சமைக்கக் கற்றுத் தரும் கல்லூரி என்ற யோசனையைக் கொண்டுவந்தார். பெரிதாக எடுபடவில்லை. வேலை நேரமும் கூலியும் மாறாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் யார் சேருவார்கள்?

2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பு கறி ஹவுஸ்காரர்களுக்கு ஒரு வலை. ஐரோப்பாவிலிருந்து வெளியேறினால் தெற்காசியாவிலிருந்து செஃப்களைக் கூட்டி வர வழி பிறக்கும் என்று பிரீத்தி படேல் முதலான தலைவர்கள் சொன்னார்கள். கறி ஹவுஸ்களைக் காப்பாற்றுவோம் என்று பிரசாரமே நடந்தது. நம்பி ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. நடந்தது நேர் எதிர். 2010களில் இத்தாலியில் குடியுரிமை பெற்ற வங்கதேசக் குடும்பங்கள் ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு கிழக்கு லண்டனுக்கு வந்துகொண்டிருந்தன. அவர்களில் சிலர் அடுப்படிகளைத் தாங்கினார்கள். பிரெக்ஸிட் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்த வழியும் அடைபட்டது. தெற்காசியாவுக்கென்று தனிக் கதவு திறக்கவே இல்லை. 2024 ஏப்ரலில் திறன் பணியாளர் விசாவுக்கான சம்பள வரம்பு 38,700 பவுண்டு ஆனது. 2025 ஜூலையில் 41,700, கூடவே பட்டப்படிப்பு அளவிலான வேலைகளுக்குத்தான் புதிதாக விசா. செஃப் வேலை பட்டியலிலேயே இல்லை.

வாடகை, வரி, மற்றவை

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லாப் பெருநகரத்திலும் இதே கதைதான். 2010 ஏப்ரலில் ஷோர்டிச் ஹை ஸ்ட்ரீட் ரயில் நிலையம் திறந்தது. தெருவின் வடமுனைக்குப் புதுக் கூட்டம் வந்தது. பழைய மதுபான ஆலை காட்சிக்கூடமும் சந்தையும் அலுவலகமுமாக மாறியது. 2011-இல் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். 2017-இல் வணிகச் சொத்து வரி மறுமதிப்பீட்டில் லண்டன் கடைகளுக்கு நல்ல அடி. 2016-க்குப் பிறகு பவுண்டு இறங்கியதில் இறக்குமதி மசாலா விலை ஏறியது.

மூடிய கறி ஹவுஸின் இடத்தில் காபிக் கடையோ பழைய துணிக் கடையோ வந்தது. 2014-இல் கிண்ணம் கிண்ணமாகக் காலைச் சிற்றுண்டி சீரியலை மட்டும் விற்கும் கடை ஒன்று தெருவில் திறந்தது. மறு ஆண்டு, ஏழைப் பகுதியைப் பணக்காரர் விழுங்குவதற்கு எதிரான ஊர்வலத்தில் வந்தவர்கள் அதன் மேல் பெயின்ட் எறிந்தார்கள். 2020-இல் அதுவும் மூடியது. வாடகைக்கு யார் மேலும் தனிப்பட்ட கோபமோ பாசமோ கிடையாது.

நின்றவர்கள் எப்படி நின்றார்கள்

முன்னே சொன்ன தய்யப்ஸ் பிரிக் லேனின் கூட்டத்துக்குள் வராமல் சற்றுத் தள்ளி இருக்கிறது. மெனு குறுகியது, ஆட்டு விலாத் துண்டும் கபாபும்தான் முகம். தங்கள் வீட்டில் சாப்பிடும் பஞ்சாபிச் சாப்பாட்டையே விற்கிறார்கள். மது விற்பதில்லை, வேண்டுமென்றால் நீங்களே கொண்டுவரலாம். குடும்பத்தின் அடுத்த தலைமுறை கடையில் நிற்கிறது. பிரிக் லேனின் வடக்கே பெய்கல் பேக் என்ற யூத ரொட்டிக் கடை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. உப்பில் ஊறிய மாட்டிறைச்சி வைத்த பெய்கல் என்ற வளைய ரொட்டி வாங்க அதிகாலை மூன்று மணிக்கும் வரிசை. அந்த யூதச் சமூகம் பெரும்பாலும் இடம் மாறி வெகுகாலம் ஆயிற்று, கடை நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவானது இதுதான்: சில பண்டங்கள் மட்டும், பக்கத்துக் கடையில் கிடைக்காதவை.

வங்கதேச இளைஞர்களும் சாப்பாட்டுத் தொழிலை முழுக்க விட்டுவிடவில்லை. கிழக்கு லண்டனில் ஹலால் பர்கர், ஸ்டீக், இனிப்பு வகைக் கடைகளை நடத்துபவர்களில் அவர்கள் நிறையப் பேர். இதைக் கவனித்துப் பார்த்தால் என் வாதத்துக்கு வலுச் சேர்கிறது. பர்கருக்குச் சில்ஹெட்டிலிருந்து செஃப் வேண்டாம். மெஷின் போதும், பத்து நாள் பயிற்சி போதும். வாடிக்கையாளர் தங்கள் வயதுக்காரர்கள், குடிக்காதவர்கள், இரவு வெளியே போய் உட்கார இடம் தேடுபவர்கள். பப் மூடும் நேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்க் கடைகள் தோசையும் கொத்து ரொட்டியும் போட்டு நிலைத்ததும் இதே வழியில்தான்: முதலில் சொந்த ஜனம், அப்புறம் மற்றவர்கள்.

பிரிக் லேனில் மிஞ்சிய கறி ஹவுஸ்கள் பெரும்பாலும் வார இறுதிச் சந்தைக் கூட்டத்தையும் சுவரோவியம் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பி ஓடுகின்றன. அந்தக் கடைகளுக்கு மறுபடி வருகிற வாடிக்கையாளர் என்பவர் கிடையாது. அக்கம்பக்கத்துக் கடை என்ற தன்மை போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ட்ரூமன் ஆலை வளாகத்தில் அலுவலகங்களும் கடைகளும் கொண்ட கட்டடத்துக்கு 2021-இல் நகரசபை அனுமதி கொடுத்தபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்திருந்தன. எதிர்ப்பில் கறி ஹவுஸ்களின் பெயரும் அடிபட்டது. கட்டடத்தை நிறுத்தினால் வாடகை ஏறும் வேகம் குறையலாம், அந்த அளவுக்கு அந்தப் போராட்டம் நியாயம். ஆனால் அடுப்படிக்கு ஆளை அது கொண்டுவராது. விசா வரம்பைத் தளர்த்தச் சொல்லும் சங்கங்களும் ஒன்றை ஒப்புக்கொள்வதில்லை: வரம்பு நாளையே தளர்ந்தாலும் அறுபது கடை திரும்பி வராது, வரவும் தேவையில்லை. அந்த எண்ணிக்கை குறைந்த கூலியின் மேல் நின்ற எண்ணிக்கை. இருபது கடை, இருபது விதமான மெனு, செஃப்புக்குச் சட்டப்படியான நேரமும் சம்பளமும், அதற்கேற்ற விலை என்றால் தெரு தாங்கும். அந்த விலையைக் கொடுக்க லண்டன்காரர்கள் தயாராக இருக்கிறார்கள், டிஷூம் வாசலில் தினமும் கொடுக்கிறார்கள். பிரிக் லேனில் அதே விலையைக் கேட்க, முதலில் வாசலில் தொங்கும் தள்ளுபடிப் பலகையை எடுக்க வேண்டும். அடுப்படி ஆட்கள் தங்களுக்காகச் சமைத்துக்கொண்ட சாத்கொராக் கறியையும் மீனையும் மதியச் சாப்பாடாக விற்கும் சின்னக் கடைகள் பக்கத்திலேயே சில இருக்கின்றன. அங்கே தள்ளுபடியும் இல்லை, கூவி அழைப்பவரும் இல்லை.